தங்கையா கங்காணியின் மாமரம்

ஆரோக்கியம்மாளைப் பொறுமைசாலி என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி நான். அவள் நெஞ்சில் இருந்தது பொறுமை இல்லை, வஞ்சம். அதை ஒரு மாமரத்தில் வைத்து வளர்த்தாள்.

அவள் புருஷன் சூசைமுத்துவுக்கு மாமரப் பைத்தியம். எங்கள் ரிங்லெட் மலைக் குளிரில் மா பூக்கும், காய்க்காது. பனியில் பூ கருகிக் கொட்டிவிடும். மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து கொண்டுவந்த ஜாதிகளை எல்லாம் லயத்துக்குப் பின்னால் நட்டுப் பார்த்துக் கைவிட்டான். கடைசியில் பக்கத்துக் கிராமத்தில், ஒரு கம்பத்து மலாய்க்காரர் வீட்டில் அவன் தேடியது அகப்பட்டது. பழம் சின்னதுதான், ஆனால் தேன். பனிக்கும் பூ உதிராது. அதன் குச்சிகளைக் கேட்டு வாங்கிவந்து ஒட்டுக் கட்டப் பழகினான். கயிறு பிடித்துக் கொடுத்தவள் ஆரோக்கியம்மாள்.

கங்காணி தங்கையா வீட்டு முன்னால் ஒரு மாமரம் இருந்தது. பனியில் காய்க்கும், ஆனால் பழுத்தாலும் பல் கூசும் புளிப்பு, வாய் நிறைய நார். யுத்த காலம் அது; தோட்டத்தை அப்போது பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரிக்கு மாம்பழம் என்றால் உயிர். கங்காணி சூசைமுத்துவைக் கூப்பிட்டு, அந்த மரத்தை இனிப்பாக மாற்றித் தரச் சொன்னான். சூசைமுத்து அதை இடுப்பளவுக்கு வெட்டி, கட்டையில் இரண்டு இனிப்புக் குச்சிகளை ஒட்டினான். இரண்டும் துளிர்த்தன.

அந்த வேலைக்குக் கிடைத்த கூலியைச் சொல்கிறேன். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். தன் மச்சினன் போகவேண்டிய இடத்தில் கங்காணி சூசைமுத்துவை லோரியில் ஏற்றினான். ஆரோக்கியம்மாள் காலில் விழுந்தாள். கங்காணி நகர்ந்துகூட நிற்கவில்லை.

"போயிட்டு வந்துருவான்லா. அழாத."

சில மாதத்தில் அங்கிருந்து தப்பிவந்த ஒருவன், சூசைமுத்து வாந்திபேதியில் செத்துவிட்டான் என்றும், பத்துப் பதினைந்து பேரோடு ஒரே குழியில் போட்டு எரித்தார்கள் என்றும் சொன்னான். ஒரு சிலுவைகூட இல்லை. அன்று அவள் அழவில்லை. மறுநாள் கங்காணி வீட்டுக்குப் போய், ஒட்டு மரத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒட்டு மரத்தில் கட்டையிலிருந்து கிளம்பும் துளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அவை ஒட்டை அமுக்கிவிடும், மரம் பழைய மரமாகிவிடும். ஆரோக்கியம்மாள் தலைகீழாகச் செய்தாள். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்தானே. இனிப்புக் குச்சி தளிர் விடும்போதெல்லாம் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். புளிப்புத் துளிர்களுக்குச் சாணமும் சாம்பலும் போட்டு வளர்த்தாள்.

தங்கையா வாழ்நாளெல்லாம் தேயிலை பார்த்தவன். கவாத்து வெட்டிய செடி அடியிலிருந்து குபுகுபுவென்று துளிர்த்தால் அவனுக்குச் சந்தோஷம். மாமரத்தையும் அதே கண்ணால்தான் பார்த்தான்.

"தளிர் ஜோரா வருது. ஒண்ணையும் கிள்ளிடாத" என்று உத்தரவு போட்டான்.

"சரிங்க கங்காணி" என்றாள். அன்று சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கும் அவன் விழவேண்டும் என்றுதான் இருந்தது.

மரம் காய்த்தது. காய் பழையபடியே இருக்கிறதே என்று கங்காணி கேட்டபோது, தோல் கட்டையுடையது, ருசி ஒட்டினுடையது என்று துணிந்து ஒரு பொய் சொன்னாள். தேயிலைக்காரன் நம்பிவிட்டான். கடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முதல் பழத்தைச் சாமிக்குப் படைக்குமுன் எங்களில் யாரும் வாயில் வைப்பதில்லை. தங்கையாவுக்கு அப்போது சாமி ஜப்பான்காரன்தான்.

காலைப் பெரட்டில், பேர் கொடுக்க நாங்கள் எல்லோரும் வரிசையாக நிற்க, கங்காணி தட்டில் பழங்களை ஏந்திக் குனிந்து நின்றான். அதிகாரி ஒன்றைக் கடித்தான். முகம் கோணியது, துப்பினான். இத்தனை பேர் முன்னால் தன்னைக் கேலி செய்துவிட்டான் என்று கங்காணியை மாறி மாறி அறைந்தான். அடுத்த லோரி ஆள் ஏற்ற வந்தபோது முதலில் ஏற்றியது தங்கையாவைத்தான்.

ஆரோக்கியம்மாள் லோரி ஓரமாகப் போய் நின்றாள்.

"ஒட்டு என்ன ஆச்சு, ஆரோக்கியம்?" என்றான்.

"நீங்கதானே ஒண்ணையும் கிள்ளாதன்னு சொன்னீங்க" என்றாள். அவனுக்குக் கண்ணீர் வந்தது. அதை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போயிட்டு வந்துருவீங்க லா. அழாதீங்க."

லோரி தாப்பா ரோட்டில் இறங்கியது. அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு நேராகக் கங்காணி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். புளிப்புக் கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினாள். அந்தக் கிளைகளுக்கு உள்ளே, சூசைமுத்து கட்டிய கயிறு இன்னும் சுற்றியிருக்க, இரண்டு இனிப்புக் குச்சிகளும் உயிரோடு நின்றன. ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் சாகாத அளவுக்கு இலை விட்டுத்தான் கிள்ளியிருக்கிறாள்.

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அவள் அழ ஆரம்பித்தாள்.