மாறன் கிளம்பிய நேரம்

எங்கள் லாட்ஜுக்குப் பதினொரு வருடமாக மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர் எலக்ட்ரீஷியன் மாறன். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தான் பொய். போன் செய்தால் "வந்துனே இருக்கேன் சார்" என்பார். பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அரைமணி கழித்துக் கூப்பிட்டால், "கிரிவலக் கூட்டம் சார், ரோட்டை அடைச்சுட்டாங்க." திருவண்ணாமலையில் எல்லோரும் சொல்லும் சாக்குதான். ஆனால் பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போதே அதைச் சொல்லும் துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

போன ஆவணியில் ஆள் திடீரென்று மாறினார். போனை எடுத்து "ஹலோ" என்பார். பிறகு சத்தமே வராது. "லைன்ல இருக்கியாய்யா?" என்று நான் கத்துவேன்.

"இருக்கேன் சார், யோசிக்கிறேன். இன்னிக்கு வர முடியாது. நாளைக்குப் பதினோரு மணிக்கு மேலதான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பொய் சொன்ன காலத்தில், வருவார் என்ற ஆசையாவது மிச்சமிருந்தது. இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கும் உண்மை பேசுவது லேசில் படியவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது "வந்துனே" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல சார், வூட்லதான் இருக்கேன்" என்பார்.

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதருக்கு இது எதற்கு? எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேவிட்டேன்.

"பொண்ணு போனைக் காணோம்னு தேடுனா சார். நான் ரிங் விட்டேன். கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா, என் நம்பரை 'வந்துனே இருக்கேன்'னு போட்டு வெச்சிருக்கா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் மணிமொழி பிளஸ் டூ படிக்கிறாள், பள்ளியின் கபடி அணியில் ஆடுகிறாள். அவள் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஐப்பசிப் பௌர்ணமியன்று மதியம் இரண்டரைக்குக் கீழ்பென்னாத்தூரில் மேட்ச். இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கே கிளம்புவதாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மோட்டார் நின்றது. லாட்ஜில் ஒரு அறைகூடக் காலி இல்லை. "பத்து நிமிஷ வேலைதான் மாறன்" என்று கெஞ்சியது நான்தான். முடியாது என்று சொல்லத்தான் அவர் இரண்டு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறும்போது மணி ஒன்றே முக்கால்.

மனசு கேட்காமல் நானும் அவர் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். வழி காலியாக இருந்திருந்தால் பிடித்திருக்கலாம். அன்று கூட்டம் நிஜமாகவே இருந்தது. ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, தெருத்தெருவாகச் சுற்றிப் போய்ச் சேரும்போது நாலு மணி. மைதானத்தின் சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்து கிடந்தன. முட்டியில் கட்டோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் மணிமொழி.

நான் முந்திக்கொண்டேன். "கிரிவலக் கூட்டம்மா, ரோட்டை அடைச்சுட்டாங்க. நானே கூட இருந்தேன்."

"சார், நீங்க சும்மா இருங்க" என்றார் மாறன். மகளைப் பார்த்து, "கூட்டம் இருந்துச்சும்மா. ஆனா நான் கிளம்பினதே ஒன்னே முக்காலுக்குத்தான். பன்னெண்டுக்கே கிளம்பியிருக்கணும். நடுவுல ஒரு வேலையை ஒத்துக்கிட்டேன். தப்பு என்னுது" என்றார்.

அவள் உதடு கோணியது. உடைந்து அழுதாள்.

"எங்கப்பா வருவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்பா. ஏம்ப்பா நம்ப வெச்ச?"

பையை எடுத்துக்கொண்டு நொண்டியபடியே அணியின் வேனில் போய் ஏறிக்கொண்டாள். வேன் கிளம்பிவிட்டது.

"பழியைக் கூட்டத்து மேல போட்டிருந்தா சமாளிச்சிருக்கலாமேய்யா?" என்றேன்.

மாறன் வேன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருஷமா நான் வராதப்ப ஒரு வாட்டிகூட அவ அழுததில்ல சார். சரிப்பான்னுட்டுப் போயிடுவா. இன்னிக்குத்தான் நான் வருவேன்னு நம்பியிருக்கா."