டத்தோவுக்குக் காட்டிய இரும்பு

ஜெலாப்பாங்கில் இரும்பு உருக்கும் தொழிற்சாலையில் எனக்குச் சாம்பல் வேலை. உமிச்சாம்பலைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைப்பேன். கொதிக்கிற இரும்பு தொட்டியில் வந்து விழுந்ததும் ஆட்கள் அந்தப் பைகளை வீசி மேலே மூடுவார்கள். மூடாவிட்டால் இரும்பு காற்றைக் குடித்துக் கசடு கட்டும். தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொள்ளும். சாம்பல்காரி என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலும் என் மரநிரையை யாரும் குறை சொன்னதில்லை.

ஒருமுறை, டத்தோ என்று அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருவதாக ஆனது. மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, அன்னைக்குச் சாம்பல் வேணாம். டத்தோவுக்குச் செக்கச்செவேல்னு இரும்பைப் பார்க்கணுமாம்."

"காத்துப் பட்டா கெட்டுப்போகும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதாக்கா? டத்தோகிட்ட யார் சொல்றது?"

அதோடு நிற்கவில்லை. அன்று சாம்பல் இல்லாமல் வேலை ஓடிவிட்டால் இனிமேல் சாம்பலும் வேண்டாம், அதற்கென்று ஓர் ஆளும் வேண்டாம் என்று மேலிடத்தில் பேச்சு. அந்த ஆள் நான்தான்.

அன்று என்னைப் பட்டுச்சீலை கட்ட வைத்து, கையில் பன்னீர்ச்செம்பைக் கொடுத்து, டத்தோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். உலைச் சூட்டில் டத்தோவுக்கு வியர்த்தது. உடனே ஆளுயரக் காற்றாடி ஒன்று வந்தது. காற்று டத்தோவைக் குளிர்வித்துவிட்டு நேராக இரும்பிடம் போனது.

இரும்புக்கு டத்தோ யார், மானேஜர் யார் என்று தெரியுமா? சடசடவென்று பொறி பறந்தது. மேலே கசடு ஏடு கட்டியது. துளையிலிருந்து இறங்கிய தாரை நூலாக மெலிந்து, நின்றே போனது.

"அடைச்சிருச்சு! நிப்பாட்டுங்கடா!" என்று உலைக்கார அண்ணன் கத்தினார்.

மானேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டத்தோ மட்டும் கை தட்டினார்.

"வாணவேடிக்கை மாதிரி இருக்குலா! அடுத்த மாசம் மிசஸைக் கூட்டிட்டு வாரேன். இதே மாதிரி காட்டுங்க."

"கண்டிப்பா டத்தோ," என்றார் மானேஜர்.

கார் வெளியே போனதும் தொட்டியில் உறைந்த இரும்பை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நாளைக்கு வழக்கம்போலச் சாம்பல் கட்டிருங்க. டத்தோ வர்ற அன்னைக்கு மட்டும் சீலை."

"அன்னைக்கு எனக்கு லீவு தம்பி. பன்னீரை நீங்களே தெளிச்சுக்குங்க."

அடுத்த மாதம் அந்த அம்மாளும் வந்து பொறி பறந்ததைப் பார்த்து ரசித்ததாகக் கேள்வி. அன்று நான் ஆயர் தாவார் ஊரில் ஒரு காதுகுத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தேன்.