உறை கழற்றாத பொம்மை

“…அப்போ நாளைக்கு ஹைவேஸ்ல ஒருத்தன் நெஜமாவே கெடந்தான்னா, அவன் நெஞ்சையும் நோகாமத்தான் அமுக்கணுங்களா சார்?” என்று கேட்டாள் எங்களோடு படித்த சூளகிரிப் பெண். செய்முறைப் பரீட்சைக்கு முந்தைய நாள். ஓசூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் நடந்த எங்கள் ஆம்புலன்ஸ் பயிற்சி வகுப்பில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கேள்வி போய் நின்றது எங்கள் சாரிடம். பயிற்சி நிலையத்துக்கு முதலாளியும் அவரே, வாத்தியாரும் அவரே. அதே மாடியில் முன்பு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். அது ஓய்ந்ததும் கம்ப்யூட்டர். அதுவும் ஓய்ந்ததும் உயிர் காக்க வந்துவிட்டார். போர்டு மாறியது, மேஜைகூட மாறவில்லை. பெண்டாட்டியிடம் கன்னடம், கட்டடக்காரரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ், திட்டுவதற்கு மட்டும் இங்கிலீஷ். கழுத்தில் எப்போதும் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். அது காதுக்கு ஏறி நான் பார்த்ததில்லை.

நெஞ்சு அமுக்கிப் பழக ஒரு பொம்மை இருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ரப்பர் ஆள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடுதான் கிடப்பான். புது பைக்கின் சீட் உறையைக் கிழிக்காமலே ஓட்டுகிறவர்களை மூக்கண்டப்பள்ளியில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கே உறை போட்டு வைத்தவரை இங்கேதான் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு உறைக்கு மேலேயே சந்தனம் குங்குமம் வைத்தார்.

சரியான ஆழத்துக்கு அமுக்கினால் பொம்மைக்குள் ‘டக்’கென்று சத்தம் வரும், அதுதான் அடையாளம் என்பது பாடம். ஆனால் அமுக்கக் கூடாது, ஸ்பிரிங் போய்விடுமாம். அதனால் கையை வைத்து, தோளை மட்டும் ஆட்டி, அந்த ‘டக்’கை நாங்கள் வாயால் சொல்ல வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எப்படி எடுப்பது என்று அவரே செய்து காட்டினார். அவர் முழுசாகக் கற்றிருந்த வித்தை அது ஒன்றுதான். வகுப்பு மொத்தமும் டக், டக்கென்று முழங்கும்போது கீழே டயர் கடைக்காரர், “மேல என்னாப்பா, பல்லிங்க மாநாடா?” என்று கேட்பார்.

முந்தைய பரீட்சைகளில் இது செல்லுபடியானது. சோதிக்க வந்தவர்கள் பிரியாணி வரும் வழியைப் பார்த்தார்களே தவிர, பொம்மையைப் பார்க்கவில்லை. இந்த முறை வேறொரு டாக்டர் வருகிறார், பொம்மையின் பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்து கேட்பார், சத்தம் வராவிட்டால் அங்கேயே ஃபெயில் போட்டு அனுப்பிவிடுவார் என்று தகவல் வந்தது.

அதிகம் பயந்தது சூளகிரிப் பெண்தான். தேறினால் ஆம்புலன்ஸில் வேலை. அதற்கென்றே சிப்காட்டில் பார்த்த வேலையை விட்டிருந்தாள். தேறாவிட்டால் மறுபேச்சில்லாமல் காட்டுக்கு வந்து தக்காளி பறிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். உறையை எடுங்கள், ஒரு தடவையாவது அமுக்கிப் பார்த்துக்கொள்கிறோம் என்று காலையிலிருந்து கெஞ்சினாள். சார் அசையவில்லை. பரீட்சையன்று சத்தம் தானாக வரும், பாரத்தைக் கடவுள்மேல் போடு என்றார். பாரத்தைப் பொம்மைமேல் போடக் கற்றுக்கொள்ளத்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

சார் சிரித்தார். “ஏம்மா, ரோட்டுல கெடக்கறவன் என் காசா? இது என் காசும்மா.”

பேச்சு என்றால் எனக்கு உயிர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதைக்கூடப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். இதைக் கேட்டபோது மட்டும் காதைக் கழுவ வேண்டும் போல இருந்தது. இந்த ஆளிடம்தான் உயிர் காக்கும் கலையைப் படித்தோம் என்று வெளியில் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

அவள் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்தாள். பொம்மையின் பக்கத்தில் முழங்காலிட்டு, உறையைக் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தாள். சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வருவதற்குள், முழங்கை மடங்காமல் முழு உடம்பையும் கைகளில் இறக்கினாள். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மறுபடி இறக்கினாள். வந்தது. நாங்கள் வாயால் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தலைக்கு மேலே நின்று அவர் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருக்க, அவள் நிமிர்ந்தும் பாராமல், எண்ணிக்கையை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.