மணிக்கட்டில் செத்த எலும்பு

கட்டைவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழிக்குள் முந்திரிப் பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. என் வலது கையில் அது செத்துவிட்டது. ஆள் உயிரோடிருக்க எலும்பு மட்டும் எப்படிச் சாகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். மிஷின்களுக்கு நடுவே எப்போதும் எண்ணெய் கசிந்து கிடக்கும். துடைக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் காலை அதிலேயே வழுக்கினேன். விழுகிறவன் கையைத்தானே ஊன்றுவான்? மொத்த உடம்பும் அந்த உள்ளங்கையில் இறங்கியது.

தூக்கி நிறுத்தியவன் பக்கத்து மிஷின்காரன். அத்திப்பட்டிலிருந்து என்னோடு ஒரே ரயிலில் வருகிறவன், என் சாப்பாட்டில் பாதியைத் தின்கிறவன். விபத்தில்லாமல் ஓடிய நாட்களை கம்பெனி வாசலில் போர்டு வைத்து எழுதுவார்கள். அந்த வாரம் அதற்கு விழா எடுத்து, எல்லாருக்கும் குக்கர் கொடுப்பதாக இருந்தது.

"இந்த வாரம் தாண்டட்டும், பேஜாரு பண்ணாத. ஊட்டு பாத்ரூம்ல வுழுந்துட்டேன்னு சொல்லிடு. உன் ஒருத்தனால எல்லார்க்கும் போயிடும்" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சரி என்றேன்.

அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கையை அசைக்காமல் வைத்திருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். வீட்டில் விழுந்தவனுக்கு எந்தக் கம்பெனி லீவு கொடுக்கும்? மறுநாளே துணிக்கட்டோடு மிஷினில் நின்றேன். விழா முடிந்தது, எனக்கும் ஒரு குக்கர் வந்தது.

அப்புறம் வலி குறையவே இல்லை. ஸ்பேனர் நழுவியது, குழாயைக்கூடத் திருக முடியவில்லை. திருவள்ளூரில் ஒரு எலும்பு டாக்டரம்மா அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்தினார். அலறிவிட்டேன். "இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துல இருந்து பின்னாடி வரணும். நடுவுல உடைஞ்சதால பின்பாதிக்கு ரத்தம் போகல. அப்பவே மாவுக்கட்டு போட்டு அசைக்காம இருந்திருந்தா ஒட்டியிருக்கும்" என்றார். இனி ஆபரேஷன்தான், அதுவும் பழைய கையைத் திருப்பித் தராது.

கான்ட்ராக்டர் என்னை நிறுத்திவிட்டார். வேலையில் விழுந்ததற்கு ஒரே ஒரு சாட்சி வந்தால் ஆபரேஷனையும் பார்க்கிறோம், உட்கார்ந்து செய்யும் வேலையும் தருகிறோம் என்றது ஆபீஸ். அன்று சுற்றி நின்ற மற்றவர்கள் எல்லாரும் நழுவிக்கொண்டார்கள். என் சோறே அந்தப் பக்கத்து மிஷின்காரன் வாயில்தான் இருந்தது.

அதற்குள் அவன் பர்மனென்ட் ஆகியிருந்தான். அத்திப்பட்டு பிளாட்பாரத்தின் கடைசிக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபீசுக்கு வராட்டி போ. இங்க யாரும் இல்ல. என்கிட்ட மட்டும் சொல்லுடா, நான் எங்க வுழுந்தேன்?"

அவன் என் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தான். கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

"ஊட்டு பாத்ரூம்லதானே நைனா வுழுந்தே? கொஞ்சம் பாத்து நடந்திருக்கலாம் இல்ல?"