ரயில் வராத ஸ்டேஷனில் பால் காய்ச்சியது

பீச் ரோட்டில் இருக்கும் பழைய ரயில் ஸ்டேஷனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. நாட்டை விட்டு இங்கே வருமுன் கொழும்பில் இருபது வருடம் அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்ட கை இது. பிடிக்காததற்குக் காரணம் சொல்லவும் தெரியும்.

முகப்பைப் பார்த்தால் செங்கல் அரண்மனை. முன்னால் தோட்டம், வாகனம் ஏறி வர வளைந்த பாதை, உள்ளே உயரமான வளைவுக் கூரையோடு டிக்கெட் மண்டபம், பளிங்கு, வெண்கலம், காலுக்குக் கீழே வழுவழுவென்று டெராசோத் தரை. 1930இல் திறந்தார்கள். ஒரு குறைதான். அதுவரை குயின் ஸ்ட்ரீட் முனையில், ஊருக்கு நடுவே இருந்த ஸ்டேஷனைத் தூக்கி இங்கே தள்ளி வைத்துவிட்டு, நகரம் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினார்கள். நகரம் அசையவில்லை. சனம் அந்தத் தூரத்தைத் திட்டிக்கொண்டே நடந்தது. எழுபது வருடம் கழித்து ரயில்கள் பழையபடி குயின் ஸ்ட்ரீட் முனைக்கே போய்ச் சேர்ந்தன. இங்கே மண்டபம் மட்டும் மிஞ்சியது. மாடிகளை அறை அறையாகத் தடுத்து வீடுகளாக்கிவிட்டார்கள். ஒரு மடத்தனத்தை இவ்வளவு அழகாகச் செய்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த மாடியில்தான் என் மகன் இரண்டு அறை வீடு வாங்கினான்.

"அப்பா, சனிக்கிழமை வந்து பால் காய்ச்சித் தாங்கோ. அம்மா இல்லைத்தானே, நீங்கள்தான் செய்யவேணும்" என்று போன் செய்தான்.

மனைவி போய் மூன்று வருடமாகியிருந்தது. நான் பாபடோயிட்டோய் என்ற புறநகரில் வாடகை வீடொன்றில் தனியாக இருந்தேன். மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு அறை அவனுக்கு என்றால் மற்ற அறை யாருக்கு? எங்கள் ஆட்களில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தகப்பனைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சச் சொன்னால் தகப்பனுக்கும் அந்த வீடுதான். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளே வீட்டுக்காரரிடம், வீட்டை விடுவதாக நோட்டீஸ் கொடுத்தேன். சொந்த மகனிடம் என்ன கேள்வி?

சனிக்கிழமை காலை இரண்டு சூட்கேஸைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். முதலில் பால், பிறகு பெட்டி என்று அவற்றைக் காரிலேயே விட்டேன். வேட்டி சால்வையோடு மின்சார அடுப்பின் முன் நின்றேன். மகன் போனில் படம் எடுத்தான். பால் நுரைத்து எழும்பியதும் அடுப்பைக் குறைக்கப் போனான்.

"விடு, நல்லாய்ப் பொங்கி வழியட்டும்" என்றேன்.

வழிந்தது. சூட்டுத் தட்டில் விழுந்து கருகிப் புகைந்தது. வீட்டுக்குள் அலாரம் கத்தத் தொடங்கியது. புகை வெளியே போகட்டுமே என்று நான் வாசல் கதவைத் திறந்தேன்.

"அப்பா, கதவைத் திறவாதேங்கோ!"

புகை மாடித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் மணி அடித்தது. பிறகு எல்லா மாடியிலும் அடித்தது.

பத்து நிமிடத்தில் மொத்தக் கட்டடமும் கீழே நின்றது. குளித்த தலையோடு ஒருத்தி, பூனைக் கூடையோடு ஒருவன். அந்த முன்றிலில் இத்தனை சனம் நின்று அன்றுதான் பார்த்தேன். தீயணைப்பு வண்டி வந்தது. நான் வெறுங்காலோடு நின்றேன். கட்டடப் பொறுப்பாளர் என்று ஒரு பெண் வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மகன் ஆங்கிலத்தில் சொன்னான். "நானும், மற்ற அறைக்கு வாடகைக்கு வரும் என் ஃபிளாட்மேட்டும். அவன் திங்கட்கிழமை வருகிறான். இவர் என் அப்பா, இன்றைக்கு மட்டும் வந்தவர். இனி இப்படி நடக்காது."

கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் தயங்கப் போகிறான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் என் மீதுதான் என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். இரண்டு பேர் மீதும்தான்.

மேலே போனதும் மிஞ்சிய பாலில் சீனி போட்டுக் கொண்டுவந்து தந்தான். என் தோளில் கை வைத்தான்.

"பரவாயில்லை அப்பா, படம் நல்லாய் வந்திருக்கு. குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. பிறகு மோட்டர்வேயில ட்ராஃபிக் கூடீடும்."

குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் மதுரைக்காரர், தன்மையான மனுசன். நோட்டீஸைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன்.

"வேற குடும்பத்துக்குச் சொல்லிட்டேனே ஐயா. ஆமா, பையன் வீட்டுக்குத்தானே போறீங்க? அப்புறம் என்ன?"

"ஓம்" என்றேன். "மகன்ர வீட்டுக்குத்தான்."