நெல் மூட்டைக்குள் இருந்த ரேடியேற்றர்

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஓடுகிற கார் வைத்திருப்பது ஒரு குற்றம் மாதிரி. ஓடாத காரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே நான் ஓடாத கார்தான் வைத்திருந்தேன். தேவைப்பட்டபோது அதை ஓடுகிற காராக்கிக்கொள்வேன். இரண்டுக்கும் இடையில் ஒரு ரேடியேற்றர்தான் வித்தியாசம்.

எங்கள் ஊர் பழுகாமம். வாவியின் படுவான்கரையில், பொழுது படுகிற பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி பாலத்தைத் தாண்டி எழுவான்கரையில் இருந்தது. என் கணவர் மத்திய கிழக்கில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போவதற்கு முதல் வாங்கிய சாம்பல் நிறச் சீமைக் கார் வளவில் சும்மா நின்றது. நிற்கிற கார் சோறு போடாது என்று நான் ஓட்டப் பழகினேன். பிள்ளைப்பேறு, காய்ச்சல், கல்யாணம் என்று எதற்கும் ஊர் என் காரைத்தான் கூப்பிட்டது.

எனக்கு எதிரி என்று ஒருவர் இருந்தால் அது என் மச்சாள்தான், கணவரின் அக்கா. அடுத்த வளவு. "பொம்புள கார் ஓடினா மழை பெய்யாது புள்ள" என்று வேலிக்கு மேலால் சொல்வார். அந்த வருடம் மழை கொட்டி வயல் வட்டையெல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. நான் வேலியடிக்குப் போய், "என்ன மச்சாள், பெய்ஞ்சிற்றுதே?" என்றேன். "கூடிப்போச்சு" என்றார்.

மச்சாளுக்கு எல்லாமே கூடிப்போச்சுதான். மீன்காரன் எந்த விலை சொன்னாலும் கூடிப்போச்சு. சேலைக்கடையில் கூடிப்போச்சு. சித்தாண்டி முருகன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கே குறைத்துக் கேட்ட மனிசி அவர். நான் பக்கத்தில் நின்று வெட்கத்தில் செத்தேன். ஐயர் சிரித்துவிட்டார், அதுதான் தப்பினோம்.

பிறகு காரைக் கேட்டு வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். எந்தப் பக்கத்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். எல்லாப் பக்கத்தாரும் வந்தார்கள். துவக்கோடு வந்து, "அவசரத்துக்குத் தாங்க, திருப்பித் தாறம்" என்பார்கள். அந்தக் கார்கள் திரும்பி வந்ததை நான் காணவில்லை. சிலர் நாலு சில்லையும் கழற்றி ஒளித்தார்கள், சிலர் பெற்றறியை. வந்தவர்கள் அடுத்த நாள் சில்லும் பெற்றறியும் கொண்டுவந்து பூட்டி ஓட்டிப்போனார்கள். எனக்கு அப்போது புத்தி வேலை செய்தது. சில்லும் பெற்றறியும் எங்கேயும் கிடைக்கும். இந்தப் பழைய காருக்கு அளவான ரேடியேற்றர் எங்கே கிடைக்கும்?

கணவர் ஒருமுறை கழற்றிக் காட்டியிருந்தார். அவர் காட்டியதில் பாதி பிழை என்று நானே செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கீழே இருக்கிற பைப்பைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடிக்க வேண்டும். மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் பிடித்திருக்கிற கிளிப்பைத் தளர்த்தி, இழுக்காமல், முறுக்கிக் கழற்ற வேண்டும். இழுத்தால் ரப்பர் கிழியும். பிறகு பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினால் ரேடியேற்றர் மேலால் தூக்க வரும். தூக்கும்போது அதன் மெல்லிய தகடுகள் கையைக் கீறும். என் உள்ளங்கை முழுக்க அந்தக் கீறல்தான். பூட்டுவதும் அதே வழிதான், தலைகீழாக. கடைசியில் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே காற்று நின்று கார் கொதித்துவிடும்.

ஓட்டம் முடிந்து வந்ததும் கழற்றிச் சாக்கில் போட்டு, மேலால் நெல்லைக் கொட்டி, வாயைத் தைத்து, நெல் மூட்டை அடுக்குக்குள் சொருகிவிடுவேன். கேட்டு வருகிறவர்களுக்குப் பொனற்றைத் தூக்கிக் காட்டி, "ரேடியேற்றர் ஒழுகுது தம்பி, எழுவான்கரையில றிப்பேருக்குக் குடுத்திரிக்கன்" என்பேன். முகத்தில் ஒரு சுருக்கம் வராது. பொய் சொல்வதில் எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. என் காரைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், அவ்வளவுதான்.

அறுவடை நேரம் ஒரு நாள் மத்தியானம், அதற்கு முந்திய வாரம் வந்து வெறுங்கையோடு போன மூன்று பேர் திரும்பி வந்தார்கள். தாடி வைத்தவன்தான் அவர்களுக்குப் பொறுப்பாளன். அவன் கையில் ஒரு ரேடியேற்றர் இருந்தது.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டம் வேணாம். நாங்களே கொண்டந்திற்றம்" என்றான்.

இதோடு என் கார் போச்சு என்று நினைத்தேன். ஆனால் பார்த்த பார்வையிலேயே அது என் காருக்குப் பொருந்தாது என்று தெரிந்துவிட்டது. அகலம் கூட, ஆணித் துளை வேறு. நான் வாசலில் சுளகை வைத்துக்கொண்டு இருந்து அரிசி புடைத்தேன். அவர்கள் சரித்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கம்பியால் கட்டிப் பார்த்தார்கள். ஒருவன் விரலை நசுக்கிக்கொண்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. "கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிற்று மறுகாப் பாருங்களன் தம்பி" என்று வேறு சொன்னேன்.

அந்த நேரம்தான் வட்டைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. வேலை செய்தவர்கள் மச்சாளைச் சாக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கதிர் வெட்டும்போது குதிகாலில் பாம்பு கடித்திருந்தது. விரியன் சாதிப் புடையன், அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர்ப் பரியாரியார் கூடவே வந்தார். "இது எனக்கு அடங்காது. பல்லு முரசில இரத்தம் கசியுது. சுறுக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்க" என்றார். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. மச்சாளின் வாய் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதை என்பது இதுதான். ரேடியேற்றரை வெளியே எடுத்தால் கார் போகும். எடுக்காவிட்டால் மச்சாள் போவார். ட்ரக்டரில் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்கள். ட்ரக்டர் வட்டைக் கடைசியில் நின்றது, அது வந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும்? நான் சுளகை எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். மூட்டைகளை இழுத்துத் தள்ளினேன். சாக்கின் தையலை அரிவாளால் கிழித்து, என் ரேடியேற்றரை நெல் சிந்தச் சிந்தத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தாடிக்காரன் என்னைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். "றிப்பேருக்குக் குடுத்தது எண்டு சொன்னீங்க?"

"பொய்தான் சொன்னனான். இப்ப உங்கட சாமானை வெளியால எடுங்க. கையை எடுங்க தம்பி!"

எடுத்தான். நான் பூட்டினேன். விரல் தானாகவே ஆணித் துளைகளைக் கண்டுபிடித்தது. அந்த வேலை என் கைக்கு அவ்வளவு பழக்கம். ஒரு ஆணி விழுந்து மண்ணில் உருண்டது. விரல் நசுங்கியவன் குனிந்து எடுத்துத் தந்தான். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. குமிழி அடங்கும்வரை நின்றேனே, அந்த நேரம்தான் பெரும் பாடு. கட்டிலில் மச்சாள் முனகுகிறார், எல்லோரும் "எடு, எடு" என்று கத்துகிறார்கள். "வாயை மூடுங்க! வழியில கொதிச்சா ஆரு தள்ளுறது?" என்று நானும் கத்தினேன்.

மூடியைத் திருகியதும் தாடிக்காரன் கதவைப் பிடித்தான். "அக்கா, கார் எங்களுக்கு வேணும்."

"பொழுது படுறதுக்கு முதல் கொண்டந்து தாறன்."

"வராட்டி?"

"என்ட வீடு இஞ்சதான் நிக்குது. வீட்டுக்குச் சில்லு இல்ல தம்பி."

அவன் கதவை விட்டான்.

மச்சாளைப் பின்சீற்றில் பரியாரியார் தாங்கிக்கொண்டு வந்தார். தகடுகளுக்குள் சிக்கியிருந்த நெல் சூடேறி, கார் முழுக்க நெல் அவிக்கிற வாசம் வந்தது. பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பொனற்றைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். நெல்லைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். நான் மச்சாளின் காலைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி இருந்தது. நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், பிழைத்துவிடுவார் என்று டொக்டர் சொன்னார்.

வெளியே தெரிந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள். "விசரா புள்ள உனக்கு? கார் இப்ப இக்கரையில நிக்குது. இஞ்சயே விட்டிற்று பஸ்ஸில போ" என்றார்கள். எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் திரும்பிப் போகாவிட்டால், அடுத்த முறை வேறொருத்தி கடிபட்டுக் கிடக்கும்போது யார் கதவை விடுவான்? ஒருத்தி ஏமாற்றினால் அது எல்லோருக்கும் வந்து விடியும். காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

பொழுது படுகிற நேரம் தாடிக்காரன் என் வாசலில் குந்திக்கொண்டிருந்தான். "வரமாட்டீங்க எண்டு நினைச்சன்" என்றான். நான் சாவியைக் கொடுத்தேன். "ஒவ்வொரு நாளும் தண்ணி பாருங்க. வாவித் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு தின்னிரும். கிணத்துத் தண்ணிதான்" என்றேன். ஓம் என்று தலையாட்டினான். கார் திருப்பத்தைத் தாண்டும்வரை நிமிர்ந்து நின்றேன். பிறகு நெல் சிந்திக் கிடந்த இடத்தில் இருந்து ஓவென்று அழுதேன். எனக்குச் சோறு போட்ட கார் அது.

மச்சாள் சுகமாகி வீங்கிய காலோடு ட்ரக்டரில் வந்து இறங்கினார். நேரே என் வளவுக்குத்தான் வந்தார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

"கார் எங்க புள்ள?"

சொன்னேன். ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மச்சாள் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கைக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"என்ட உசிருக்கு ஒரு முழுக் காரா?" என்றார். "கூடிப்போச்சு புள்ள. நல்லா ஏமாந்திற்றாய்."

சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணி, என் தோளில் விழுந்து அழத் தொடங்கிவிட்டார்.

"என்ன செய்ய மச்சாள்," என்றேன், "விலை பேச நீங்க பக்கத்தில இல்லியே."