நாலு மூலையிலும் மஞ்சள்

லிபியாவுக்கு இந்தியர்கள் யாரும் போகக் கூடாது என்று நம் அரசாங்கம் தடை போட்டபோது, அதில் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் அப்பாதான். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை அவருக்கு.

நான் நர்ஸ். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டுதான் போனேன். கிளம்பும்போது அவர் வேர்க்கடலை போட்டிருந்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் போய் நின்றுகொண்டார். "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்நாட்டுச் சண்டையில் ஒரு மத்தியானம் கரன்ட் போனது. குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் கையாலேயே காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தேன். குழந்தை பிழைத்தது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? பெருமைதான். ஆனால் வெளியே குண்டுச் சத்தம் கேட்டபோதெல்லாம், அப்பா சொல்லாத அந்த வார்த்தைதான் உறுத்தியது.

சண்டை முற்றியதும் ஊர் திரும்பி, திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். லிபியாவில் என் பழைய வார்டின் தலைமை நர்ஸ் மட்டும் அவ்வப்போது கூப்பிட்டு, உன் இடம் உனக்காகத்தான் இருக்கிறது என்பார். திரும்பிப் போவது பற்றி நான் பேச்செடுத்தாலே அப்பா வாயை அடைத்துவிடுவார்.

"அரசாங்கமே வாணாம்னு சொல்லுது. நீ என்னாத்துக்குக் குதிக்கிற?"

தடையை நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது டியூட்டியில் இருந்தேன். ஊசி டிரேயைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே! முப்பத்து நாலு வயசுக்காரிக்கு அப்பாவின் கையெழுத்து தேவையில்லைதான். ஆனாலும் இந்தத் தடவை அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்காமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கீழ்பென்னாத்தூருக்குப் போய்ச் சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். நான் அழுதேன்.

மறுநாள் காலையில் பையைத் திறந்தால் பாஸ்போர்ட்டைக் காணோம். அப்பாவையும் காணோம். மனுஷன் அதை அடுப்பில் போட்டுவிட்டாரா என்று பதறி, அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். பதினோரு மணி பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார், நெற்றி நிறைய விபூதியோடு. சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நாலு மூலையிலும் ஈர மஞ்சள். அதுவும் ஒரு பக்கம் விடாமல்! போட்டோவில் என் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வேறு.

"என்னாப்பா பண்ணி வச்சிருக்க! இத எவன் ஏத்துப்பான்?"

"சாமி பாதத்துல வச்சு வாங்கியாந்தேம்மா. நல்ல காரியத்துக்கு மஞ்ச வைக்காம இருப்பாங்களா?" என்றார், ஒன்றும் புரியாமல்.

நான் கத்தி ஓய்ந்த பிறகுதான், நல்ல காரியம் என்று அவர் சொன்னது மண்டையில் ஏறியது.

கறை பட்டது செல்லாது, புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார்கள் பாஸ்போர்ட் ஆபீசில். கவுன்டரில் இருந்த பெண் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சிரித்தார். கூடவே வந்திருந்த அப்பா வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணு குண்டு போடுற எடத்துல கொழந்தைய காப்பாத்துனுச்சுங்க. அரசாங்கமே போவலாம்னு உட்டுடுச்சு, நான்தான் மஞ்சளத் தடவிக் கெடுத்துட்டேன்."

அந்தக் குழந்தையின் கதையை அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். அப்போது அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை.

புதுப் பாஸ்போர்ட் வந்தது. கிளம்பும் நாளில், வாசலில் கார் நிற்க, அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அதத் தொட மாட்டேம்மா. எட்டவே வச்சுக்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து அவர் முன் நீட்டினேன்.

"அதுக்கு வாணாம்பா. எனக்கு வை."

வேட்டியில் விரலை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வைத்தார்.

"போயிட்டு வாம்மா."